நான்காவது நிகழ்ச்சி

ஜனவரி 8

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். அங்கே உங்கள் காதைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசலாம் என்றால் நான் ‘மீன்’ என்பேன், நீங்கள் ‘ஏன்’ என்பீர்கள். போன வருடம் அப்படித்தான் பத்து முகமூடி கேட்ட எனக்குப் பத்து முக்காடு வந்தது. அதனால் எழுதியே விடுகிறேன்.

இந்த வருடமும் மன்றத்தில் சீசன் நடத்துவது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. யார் பொறுப்பு என்று தலைவர் கேட்டபோது எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆனால் என்றைக்கோ ஒருநாள் செயலாளர் வேலைக்குக் கையைத் தூக்கிவிட்டேன், அதை இறக்க இன்றுவரை யாரும் விடவில்லை. தலைவருக்கு மருந்துக்கடையில் கூட்டமாம். கடையில் ஈ ஓட்டுகிறார், அது எனக்குத் தெரியும்.

மொத்தம் ஆறு நிகழ்ச்சி. முதலில் ஆஸ்பத்திரி நர்சுகளின் சேர்ந்திசை. அடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கடல் நாட்டிய நாடகம். மூன்றாவது, வாடகை வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு சிரிப்பு நாடகம். நான்காவது நம் பாப்பாவின் தனி நடனம். பிறகு புல்லாங்குழல், மேளம், அக்கார்டியன் மூன்றும் சேர்ந்த ஒரு மாலை. கடைசியில் ரொட்டிக்கடைக் குடும்பத்தைப் பற்றிய பெரிய நாடகம். பாட்டுக்கு வருகிறவர்கள் நாடகத்துக்கு வர மாட்டார்கள், நாடகத்துக்கு வருகிறவர்கள் நடனத்துக்கு வர மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் வருகிற ஒரே ஆள் நான்தான், நானும் பாதியில் தூங்கிவிடுகிறேன்.

உடனே நீங்கள் தைத்துத் தர வேண்டியது மீன் உடைகள். பெரிய மீன் நான்கு, சின்ன மீன் எட்டு, ஆமை ஒன்று. அளவுகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஆமையாக நடிக்கும் பையன் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான், துணியைத் தாராளமாக விடுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும், என் மகனுக்கும் உங்கள் பாப்பாவுக்கும், வேலை அதிகம். பாப்பா நடனப் பள்ளியிலிருந்து வருவதற்குள் இவன் சாப்பிட்டுவிட்டு மாடி அறைக்குப் போய்விடுகிறான். இவனுக்குப் பகலெல்லாம் ஒயரிங் வேலை, மாலையில் மன்றத்து விளக்குகளை ஏற்றி இறக்கும் வேலை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஆனால் படிக்கட்டில்தான் சந்தித்துக்கொள்கிறோம். சீசன் முடிந்தால் எல்லாம் சரியாகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மன்றத்துச் சம்பந்தி


ஜனவரி 19

அன்புள்ள மன்றத்துச் சம்பந்திக்கு,

மீன்கள் வருகின்றன. பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன், கடிதம் கிடைத்ததும் போய் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன மீன்களுக்கு முதுகில் ஜிப் வைக்கவில்லை, ஒட்டுப்பட்டைதான். பிள்ளைகளுக்கு அவசரம் வந்தால் ஜிப்போடு போராடிக்கொண்டிருக்க முடியாது. பெரிய மீன்களின் வாலில் கம்பி இருக்கிறது, உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். ஆமைக்கு நீங்கள் சொன்னபடி துணியைத் தாராளமாக விட்டேன். விட்டதில் இன்னொரு ஆமையும் உள்ளே நுழையலாம்.

ஜிகினா தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் மினுமினுப்பு. கடைக்கு வந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்து ‘கல்யாணத்துக்குப் போறீங்களா’ என்று கேட்டாள். இல்லம்மா, கடலுக்குப் போகிறேன் என்றேன்.

நீங்கள் படிக்கட்டில் சந்தித்துக்கொள்வதாக எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பாப்பா வாரம் ஒருமுறை ஃபோன் பண்ணுகிறாள். ‘நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மா’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். நன்றாக இருக்கிறவர்கள் ஒருமுறை சொன்னால் போதுமே. என் காது மந்தம்தான். ஆனாலும் சில விஷயங்கள் கேட்கத்தான் கேட்கின்றன.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தையல் சம்பந்தி


பிப்ரவரி 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் இதைப் படிக்கும்போது பாப்பா உங்கள் வீட்டில்தான் இருப்பாள். நேற்றுக் காலை ஒரு பெட்டியோடு கிளம்பினாள். ‘அம்மாவைப் பார்த்துட்டு வரேன் அத்தை’ என்றாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறவள் குளிர்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் சேர்த்துத் துணி எடுத்துக்கொண்டு போக மாட்டாள். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ‘பத்திரமா போயிட்டு வாம்மா’ என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

சண்டை இல்லை, சம்பந்தியம்மா. சத்தம் இல்லை. தட்டு உருளவில்லை, கதவு அறையவில்லை. சின்ன வீடு இது, மாடியில் சத்தம் இருந்தால் கீழே எனக்குக் கேட்டிருக்கும். இவனைக் கேட்டால் ‘ஒண்ணுமில்லம்மா’ என்கிறான். ஒன்றுமில்லாததற்கு ஒரு பெண் வீட்டை விட்டுப் போவாளா?

உங்கள் மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்த நேரத்தில் அதுதான் பெரிய விஷயமா என்று நினைக்காதீர்கள். எல்லாம் அழகாக நீந்தின. ஆமை மட்டும் மேடை நடுவில் உட்கார்ந்துவிட்டான். எழுப்பினால் எழவில்லை. ‘எனக்குக் கால் வலிக்குது, நான் இங்கயே இருக்கேன்’ என்று ஒலிபெருக்கியில் கேட்கும்படி சொல்லிவிட்டான். அரங்கமே சிரித்தது. எனக்கும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

பாப்பா நாலு நாள் நன்றாகத் தூங்கட்டும். பிறகு நீங்களே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்கள். தாய் சொன்னால் கேட்பாள். நானும் இவனிடம் பேசுகிறேன். நாம் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் நிமிர்த்திவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் மன்றத்துச் சம்பந்தி


பிப்ரவரி 22

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பாப்பா வந்து சேர்ந்தாள். முதல் சில நாட்கள் தூங்கிக்கொண்டே இருந்தாள். தையல் மெஷின் ஓடும் சத்தத்திலேயே தூங்கினாள். நிறுத்தினால் விழித்துக்கொண்டாள். அதனால் தைக்க ஒன்றும் இல்லாதபோதும் வெறும் துணியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தபோது தானாகவே பேசினாள். ஊர் ஊராகப் போய் ஆடும் ஒரு நடனக் குழுவில் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ. மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். ‘உன் இஷ்டம்’ என்றாராம்.

“நல்லதுதானே, விட்டுக்கொடுக்கிற மனுஷன்” என்றேன்.

“நீயும் அப்படியேதான் சொல்றியாம்மா?” என்று என்னைப் பார்த்தாள். “போகாதேன்னு சொன்னா சண்டை போட்டிருப்பேன். போயிட்டு வான்னு சொன்னா கட்டிப்பிடிச்சிட்டுப் போயிருப்பேன். ரெண்டும் இல்ல. ரெண்டு வருஷமா எதைக் கேட்டாலும் உன் இஷ்டம். சமையல் என்ன பண்ண, உன் இஷ்டம். குழந்தை பத்தி டாக்டரைப் பார்க்கலாமா, உன் இஷ்டம். உன் இஷ்டம்னு சொல்ற ஆளோட எப்படிம்மா சண்டை போடறது? சுவத்துக்கிட்ட பந்து அடிச்சா அதுகூடத் திரும்பி வரும்.”

சம்பந்தியம்மா, உங்கள் மகன் கெட்டவர் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அனுப்பி வையுங்கள் என்று நீங்கள் எழுதியதை நான் அவளிடம் சொல்லவும் இல்லை. ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னீர்கள். நான் பிடித்திருக்கும் பக்கம் என் மகளின் கை. அதை இழுக்க எனக்குத் தெம்பில்லை.

வாடகை வீட்டு நாடகத்துக்கான உடைகள் இத்துடன் வருகின்றன. வீட்டுச் சொந்தக்காரரின் வயிற்றுக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறேன், தனியாகக் கழற்றித் துவைக்கலாம்.

நான்காவது நிகழ்ச்சி என்ன ஆகும்? அவள் பெயரை எடுத்துவிடுவதானால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆட வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. உங்கள் மேடை அது, உங்கள் முடிவு.

இப்படிக்கு,
உங்கள் தையல் சம்பந்தி


மார்ச் 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவனை உட்காரவைத்துக் கேட்டேன். “ஏண்டா, அவ அந்தக் குழுவுக்குப் போறது உனக்குப் பிடிக்கலையா?” என்றேன். “எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன. தினமும் கம்பி இழுத்து, லைட்டு தூக்கி, வீட்டுக்கு வரும்போது என்கிட்ட எதுவுமே மிச்சம் இருக்கறதில்லம்மா” என்றான். டாக்டர் விஷயம் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்குள் நடந்தது உங்கள் கடிதத்தில் படித்துத்தான் எனக்குத் தெரிகிறது.

நாடகம் நடந்தது. அரங்கில் பாதிதான் நிரம்பியது, மழை. மன்றத்து மாடிக்கு ஏறும் படியில் தண்ணீர் ஒழுகி, சாக்கு போட்டோம். பஞ்சு வயிறு பிரமாதம். சொந்தக்காரராக நடித்தவர் அதைக் கழற்ற மனமில்லாமல் கடைசிவரை தடவிக்கொண்டே இருந்தார்.

பாப்பா பெயரை எடுக்கலாமா என்று தலைவர்தான் கேட்டார். “நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, எதுக்கு வம்பு” என்றார். “அந்த நாலு பேரும் டிக்கெட் வாங்கிட்டு வந்து பேசட்டும். நமக்கு அரங்கமாவது நிரம்பும்” என்றேன். அவள் பெயர் இருக்கிறது, இருக்கும். அவள் நல்ல கலைஞர் என்பதால் கூப்பிட்டோம், என் மருமகள் என்பதால் அல்ல.

இவனிடமும் சொல்லிவிட்டேன். என்ன சொன்னான் என்று நீங்களே ஊகிப்பீர்கள். ‘உன் இஷ்டம்.’

அன்றைக்கு விளக்கு போட வேறு ஆளை ஏற்பாடு செய்கிறேன். சவுண்டு கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், பொறுமைசாலி. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நிற்க வேண்டியிருக்காது. பாப்பாவை நிம்மதியாக வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மன்றத்துச் சம்பந்தி


மார்ச் 24

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

அவள் உடையை அவளே கொண்டு வருகிறாள். மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றைப் பற்றிய நடனமாம். சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாகப் பாவாடை, உள்ளே மஞ்சள் லைனிங். நிற்கும்போது தெரியாது, சுழன்றால் மட்டும் தெரியும். சாம்பல் துணி மட்டும் போதும் என்றாள். நான்தான் மஞ்சளை வைத்தேன்.

வேறு ஆள் விளக்கு போடுவார் என்று நீங்கள் எழுதிய இடத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் சரி என்றாள். அதுவரை வருவேன், வர மாட்டேன் என்று இரண்டு மனதாக இருந்தாள்.

வேறு விசேஷம் இல்லை. அலுப்பாக இருக்கிறது, நிறைய எழுத முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தையல் சம்பந்தி


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய மன்றச் செயலாளர் அவர்களுக்கு,

என் மகள் திரும்பி வந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டேன். நன்றாக நடந்தது என்றாள். விளக்குக்காரர் எப்படி என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். ‘அவர்தான் போட்டார்’ என்றாள்.

அவள் கோபப்படவில்லை. கோபம் எனக்குத்தான். நீங்கள் எழுதிய எழுத்தை நம்பி நான் படித்துக் காட்டினேன். என் குரலை நம்பி அவள் பஸ் ஏறினாள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம், யாரையாவது விட்டு ஃபோன் பண்ணச் சொல்லியிருக்கலாம். கிடைக்காமல் போனதா, தேடாமல் போனதா என்றும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. புறாவைப் பிடிக்கத்தான் தானியம் தூவி வலை விரிப்பார்கள். என் மகளுக்கு நீங்கள் மேடையை விரித்தீர்கள்.

இனி நடக்க வேண்டியது வக்கீல் மூலம் நடக்கும். கடைசி நாடகத்துக்கு ஒப்புக்கொண்ட உடைகளைத் தைத்து அனுப்பிவிடுவேன். ஒப்புக்கொண்டதைச் செய்வது என் வழக்கம்.

இப்படிக்கு,
தையல்காரி


ஏப்ரல் 16

அன்புள்ள உங்களுக்கு,

சம்பந்தி என்று எழுத எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

உங்கள் சந்தேகம் சரி. ஆள் கிடைத்தார். சவுண்டு கடைக்காரர் வருவதாக ஒப்புக்கொண்டார். முந்தின நாள் நானே அவரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவனிடம் ‘அந்த ஆள் வரலைடா’ என்றேன். இவன் ஏணியை எடுத்துச் சாய்த்து, மேலே மேடைக்கு விளக்கு போடும் மாடத்தில் ஏறிவிட்டான்.

ஏன் செய்தேன் என்றால், இவன் அவளை முதன்முதலில் பார்த்ததே அந்த மாடத்திலிருந்துதான். அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்தும் விளக்கை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தான், நான் போய் அதட்டிக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை அப்படிப் பார்த்தால் உள்ளே ஏதாவது அசையும் என்று நினைத்தேன். கிழவி புத்தி.

ஒத்திகையின்போது நாற்காலி துடைக்கிற சாக்கில் மூன்றாவது வரிசையில் நின்றேன். பாப்பா வந்தாள். மேலே யார் என்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியைத் துடைத்தேன். அவள் முடியை முடிந்துகொண்டு மேடை ஏறினாள்.

மேலேயிருந்து இவன் குரல் வந்தது. “வணக்கம். கொஞ்சம் இடப்பக்கம் நில்லுங்க.”

“இங்கயா?” என்றாள்.

“இன்னும் ஒரு அடி. ஆங், போதும். அங்கயே நில்லுங்க. நன்றி.”

அவ்வளவுதான். துடைத்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்பெல்லாம் இதே மேடையில் இவன் மேலேயிருந்து ‘நில்லுடி’ என்று கத்துவான், அவள் கீழேயிருந்து ‘நிக்கறேன்டா, கத்தாத’ என்பாள். வெளியாட்கள் இருக்கிறார்கள் என்று நான் இரண்டு பேரையும் கண்டித்திருக்கிறேன். இப்போது ‘நில்லுங்க.’ வெளியூரிலிருந்து வந்த கலைஞருக்குச் சொல்வது போல் அவ்வளவு மரியாதை. கோபம் இருந்தால் ‘நில்லு’ என்றிருப்பான். கோபம் இருந்தால் எனக்குப் பிடிக்க ஒரு நுனி கிடைத்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

மாலையில் ஆடினாள். அரங்கம் நிரம்பியிருந்தது, அந்த நாலு பேரும் வந்திருந்தார்கள். உங்கள் மஞ்சளைச் சொல்ல வேண்டும். அவள் சுழலும் ஒவ்வொரு தடவையும் இவன் பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்தான். ஒரு தடவைகூடத் தவறவில்லை. மேகம் கிழிந்து வெயில் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. எப்போது சுழல்வாள், எங்கே மூச்சு வாங்குவாள், எல்லாம் இவனுக்கு மனப்பாடம். இவ்வளவு தெரிந்தவர்களால் ஒரு வீட்டில் இருக்க முடியவில்லையே என்று பக்கத்தில் இருந்தவர் பார்க்காமல் அழுதேன்.

முடிந்ததும் படிக்கட்டருகே “லைட் நல்லா இருந்துச்சு” என்றாள். “பெட்டியைக் கீழ கொண்டுவந்து வைக்கட்டுமா?” என்றான். “வேண்டாம், வெயிட் இல்ல” என்று தானே தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டைப் போட்டேன். கையைத் தட்டில் வைத்தபடியே சொன்னான்: “அம்மா, நீ அந்த ஆளை வர வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரியும். அவர் எனக்கு ஃபோன் பண்ணிட்டார்.”

“தெரிஞ்சுமா ஏறினே?”

“வேற யார் போட்டாலும் அந்த மஞ்சள் தெரிஞ்சிருக்காது. அவ நல்லா ஆடணும்னு எனக்கு இருக்காதா?” என்றான். பிறகு, “இதுக்கு மேல எதுவும் பண்ணாதம்மா. நாங்க களைச்சுப் போயிட்டோம்” என்றான்.

‘நாங்க.’ அந்த ஒரு வார்த்தை இவன் வாயில் வராதா என்று எத்தனை நாள் காத்திருந்தேன்! வந்தது, இப்படி வந்தது.

உங்கள் எழுத்தில் இருந்த கோபம் முழுவதும் எனக்கு உரியது. அதில் பாதியைக்கூட நான் திருப்பித் தர மாட்டேன். பாப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்ல மனமில்லாவிட்டால் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மன்றத்துக்காரி


மே 12

அன்புள்ள உங்களுக்கு,

பார்சல் வந்தது. ரொட்டிக்கடைக்காரரின் மேலங்கி, மனைவியின் உடை, பேரன்களின் கால்சட்டை எல்லாம் அளவு பிசகாமல் இருக்கின்றன. துணிகளுக்கு நடுவில் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும் என்று எல்லாவற்றையும் உதறிப் பார்த்தேன். இல்லை. உங்கள் பிடிவாதமும் உங்கள் தையல் மாதிரிதான், எங்கும் பிரியாது.

ஐந்தாவது நிகழ்ச்சி முடிந்தது. மூன்று வாத்தியக்காரர்களும் யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே போனார்கள். கேட்டவர்களில் பலர் எழுந்து போய்விட்டார்கள். நான் முழுவதும் விழித்திருந்தேன், ஆனால் ஒன்றும் காதில் விழவில்லை.

இங்கே கையெழுத்து போட்டாகிவிட்டது, அங்கேயும் ஆகிவிட்டதாக வக்கீல் சொன்னார். இவன் வேலைக்குப் போகிறான், வருகிறான். சீசன் முடிந்ததும் செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

படி ஏற முடியவில்லை என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. இத்தனை வருடமாக ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டுக்கு வந்து முதலில் செய்வது, நடந்ததை மனதுக்குள் உங்களுக்குக் கடிதமாக எழுதிப் பார்ப்பதுதான். யார் உளறினார், யார் விழுந்தார், எந்தக் கொக்கி கழன்றது, எல்லாம். இனி அதை யாருக்குச் சொல்ல? சொல்ல ஆளில்லாவிட்டால் ஒரு நாடகம் ஏன் நடக்க வேண்டும்?

கடைசி நாடகம் ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை.

இப்படிக்கு,
மன்றத்துக்காரி


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு என் வயதைவிடக் கூடவா குறைவா என்று எனக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சின்போதே நாம் இருவரும் மழுப்பிவிட்டோம். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று பல நாள் யோசித்து, அக்கா என்றே வைத்துக்கொண்டேன். குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுதத் தாளை எடுத்தேன், எடுத்து வைத்துவிட்டேன். ‘நில்லுங்க’ என்று மாப்பிள்ளை சொன்னதைப் படித்த அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. அவரை இன்னும் மாப்பிள்ளை என்றுதான் எழுத வருகிறது, கை பழகிவிட்டது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. உங்கள் பார்சலுக்குத் தைக்கும்போதெல்லாம் மெஷினை வேகமாக மிதித்தேன். இரண்டு ஊசி உடைந்தது.

பாப்பா போன வாரம் குழுவோடு கிளம்பிவிட்டாள். கிளம்புகிற அன்று நீங்கள் கேட்ட மன்னிப்பை ஒருவழியாகச் சொன்னேன். பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாள். “இதை எப்ப எழுதினாங்க?” என்றாள். “ஏப்ரல்ல” என்றேன். “இத்தனை நாளா பதில் போடலையா?” என்றாள்.

“உனக்காகத்தான்” என்றேன்.

வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். “அம்மா, அத்தை பண்ணது தப்பு. எனக்குக் கோபம் வந்தா நானே படுவேன். என் பங்குக் கோபத்தையும் நீ எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்காத. எனக்கு அவர் இல்லாம போனது போதும். உனக்கும் ஏன் ஆள் இல்லாம போகணும்?”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். விழுந்தது, அக்கா. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. சிரித்துவிட்டு, சத்தமாகச் சொன்னாள். தெருவே கேட்டிருக்கும்.

அவள் போன பிறகு வீடு ஓய்ந்துவிட்டது. மெஷினை வெறுமனே ஓட்டவும் இப்போது காரணம் இல்லை.

செயலாளர் வேலையை விடுவது உங்கள் விருப்பம். ‘உன் இஷ்டம்’ என்று எழுத வந்து அடித்துவிட்டேன். என்னைக் கேட்டால், விடாதீர்கள். படி ஏற முடியாவிட்டால் யாரையாவது பிடித்துக்கொண்டு ஏறுங்கள். ஆனால் அடுத்த வருடம் என்னால் மீன் தைக்க முடியாது, கண் ஒத்துழைக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாடகத்துக்கு வருகிறேன். எத்தனையோ வருடம் தைத்து அனுப்பியிருக்கிறேன், கடையை மூட முடியாமல் ஒன்றைக்கூட வந்து பார்த்ததில்லை. டிக்கெட் நானே வாங்கிக்கொள்வேன். என்னை மேடைக்குக் கூப்பிட்டு எதுவும் செய்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்து நாற்காலி போதும். நீங்கள் தூங்கினால் எழுப்ப மாட்டேன்.

விளக்கு போடுவது மாப்பிள்ளையாகத்தான் இருக்கும், தெரியும். இருக்கட்டும். கீழே இறங்கி வந்தால் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்பேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவு பெரிய மனசு எனக்கு இன்னும் வரவில்லை. வரும் என்றும் சொல்ல முடியாது.

நாடகம் முடிந்தால் திரும்பிவர பஸ் இருக்காது. அன்று உங்கள் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். மாடி அறை வேண்டாம். கூடத்திலேயே, உங்கள் பக்கத்தில் ஒரு தலையணை போட்டால் போதும்.

இப்படிக்கு,
தையல்காரி